குழந்தைகளின் பல் நலமும் பெற்றோர் கடமையும்

(கீழப்பழுவூர் வெள்ளிவிழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய அறிஞர்கள் கல்வியின் சிறப்பையும் நம் தலைவர்களின் தொண்டையும் விரிவாக எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ குழந்தைகளின் பல். "தலைமையாசிரியருக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று இளைஞர் சிலர் தமக்குள் பேசி நகைப்பது என் கண்ணில் படுகிறது. நகைக்கட்டும். வாய்விட்டு நகைக்கட்டும். அவ்வாறு வாய்விட்டு நகைக்க முடியாத ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லியே என் உரையைத் தொடங்க விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பயின்றாள். நம் சமுதாயத்துப் பிள்ளைதான். பலகையில் எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுவாள். ஆனால், எழுந்து நின்று படிக்கச் சொன்னால் இடக்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சொற்கள் விரலிடுக்கில் நசுங்கி வெளிவரும். அச்சத்தால் அவ்வாறு செய்கிறாள் என்று நான் எண்ணினேன். ஒருநாள் சற்றுக் கடுமையாகவே, "கையை எடுத்துவிட்டுப் படி" என்றேன். அவள் கையை எடுத்தாள். முன்பற்கள் கறுத்து அரித்துக் கட்டைகளாக நின்றன. பின்னால் இருந்த பிள்ளைகள் ஒரு பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் அழுதாள். அன்று குற்றம் செய்தவன் நான்தான். கையை எடு என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அந்தக் கை ஏன் அங்கே சென்றது என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் அவள் தாயை வரவழைத்துப் பேசினேன். "பால் பல்லுதானே சார், விழுந்து மொளச்சிடும்" என்றார் அந்த அம்மையார். அவரைக் குறைகூற எனக்கு என்ன உரிமை? அவருக்கு அதற்குமேல் எவரும் சொன்னதில்லை. ஆசிரியனாகிய நானும் சொன்னதில்லை.

பெரியோர்களே! வாயைப் பொத்திய கை என்பது நம் மக்களுக்குப் புதியதன்று. "கைகட்டி வாய்பொத்தி" என்று தமிழில் வழங்கும் தொடர் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்கள் அறிவார்கள். நம் மூச்சுக்காற்றும் தீட்டு என்று சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நம் பாட்டன்மார் ஆண்டைகளின் முன்னே வாய்பொத்தி நின்றனர். அந்தக் கையை விலக்குவதற்கு எத்தனை போராட்டம் தேவைப்பட்டது! 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசனாரும் நமக்காக வாய் திறந்து பேசினார்கள். அவர்கள் திறந்த வாயை நம் பிள்ளைகள் சொத்தைப் பல்லுக்கு நாணி மீண்டும் பொத்திக்கொள்ளலாமா? பிறர் கட்டளையால் வாய்க்குச் சென்ற கையை விலக்க ஒரு தலைமுறையே போராடியது. பற்சொத்தையால் வாய்க்குச் செல்லும் கையை விலக்குவது அதனினும் எளிது. ஆனால், அதனை நம் வீட்டுக்குள் நாமே செய்தாக வேண்டும்.

இந்நோய் நம் தெருவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பற்சொத்தை இருந்தது தெரியவந்தது. உலகெங்கும் 51 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பால்பற் சொத்தையால் துன்புறுகின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் அறிவித்தது. ஆகவே, இதில் நாம் நாணுவதற்கு ஒன்றுமில்லை. வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்குச் சொத்தை வந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். நம் குழந்தைக்கு வந்தால் வீங்கிய கன்னத்தோடு அது பல நாள் வீட்டில் படுத்துக் கிடக்கிறது. அந்த நாள்களில் நடந்த பாடம் அதற்குக் கிடைப்பதில்லை. பல்லைப் பற்றிய பேச்சுக்குக் கல்விச் சங்கத்தின் மேடையில் இடம் உண்டு என்று நான் துணிந்தது இதனால்தான்.

பல்லின் மேல் உறையாக இருப்பது எனாமல் எனப்படும். மனித உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. நம் ஊருக்கு அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை இளைஞர்கள் பார்த்திருப்பீர்கள். இவ்வட்டாரம் கடலாக இருந்த காலத்துச் சுறா மீன்களின் பற்கள் அரியலூர்ப் பகுதிப் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பற்கள் அழியவில்லை. அத்தகைய உறுதி வாய்ந்த பொருள் நம் குழந்தையின் வாயில் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே கரைந்துபோவது ஏன்?

சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிறைந்த இம்மாவட்டத்தில் இதனை விளக்குவது எளிது. சுண்ணாம்புக்கல்லின் மீது அமிலம் பட்டால் அது நுரைத்துக் கரையும். பல்லிலும் சுண்ணாம்புச் சத்தே மிகுந்துள்ளது. நம் வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. ஒவ்வொரு முறை இனிப்பு உண்ணும்போதும் ஏறத்தாழ அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. பின்னர் உமிழ்நீர் அதனை மாற்றி, கரைந்த சத்தை ஓரளவு மீட்டுத் தருகிறது. அரிப்பதும் மீள்வதும் நாள்தோறும் மாறி மாறி நடக்கின்றன. மீள்வதற்கு நேரம் கிடைக்காதபோது பல் சொத்தையாகிறது.

எனவே, எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைப் போலவே எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முக்கியம். பொங்கலன்று சோற்றோடு சேர்த்துச் சர்க்கரைப் பொங்கல் உண்ட குழந்தைக்கு நேரும் கேடு சிறிது. காலை முதல் மாலை வரை ஒரு குச்சி மிட்டாய், ஒரு பிஸ்கட்டு, ஒரு குவளை இனிப்புத் தேநீர் என ஆறு முறை வாயை இனிப்பாக்கும் குழந்தைக்கு நேரும் கேடு பெரிது. விடியுமுன் நடவுக்கும் களையெடுக்கவும் செல்லும் தாய், அழும் குழந்தையின் கையில் ஐந்து ரூபாயைக் கொடுத்துவிட்டுச் செல்கிறார். அது அன்பால் கொடுக்கும் காசு என்பதை நான் அறிவேன். அந்த அன்பை வேறு பொருளாக மாற்றிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வறுத்த கடலை, பொரிகடலை, கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு, அவித்த பனங்கிழங்கு ஆகியவை பசியையும் ஆற்றும், பல்லையும் கெடுக்கா. இனிப்பு கொடுத்தே ஆகவேண்டுமானால் சோறுண்ட உடனே கொடுத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

கைக்குழந்தையின் வாயில் சர்க்கரைப் பால் புட்டியை வைத்தபடியே உறங்கவைக்கும் வழக்கம் மிகக் கொடியது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். பால் இரவெல்லாம் மேல் முன்பற்களைச் சூழ்ந்து நிற்கும். நான் முன்னே கூறிய சிறுமிக்கு நேர்ந்தது அதுவே என்று பின்னர் அறிந்தேன்.

"பால் பல்தானே" என்ற அந்தத் தாயின் சொல்லுக்கு இப்போது விடை கூறுகிறேன். குழந்தைக்குப் பால்பற்கள் 20. ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் முழுமையாகும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். ஆனால், பின்புறக் கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்து உழைக்க வேண்டியவை. அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவையும் அவையே. காலத்திற்கு முன் அவற்றை இழந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, புதிய பல் கோணலாக முளைக்கும். பால்பல்லின் வேரில் சீழ் பிடித்தால் அதன் கீழே உருவாகிவரும் நிலைப்பல்லும் பழுதுபடக்கூடும். மென்று உண்ண இயலாத குழந்தை மெலியும். பேச்சும் பல்லை நம்பியே இருக்கிறது. எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களில் ஒன்றாகப் பல்லையும் தொல்காப்பியர் பிறப்பியலில் எண்ணியிருக்கிறார். வகர ஒலிக்கு மேற்பல்லும் உதடும் கூடவேண்டும். முன்பல் இல்லாத பிள்ளையிடம் திருத்தமான உச்சரிப்பை எதிர்பார்க்கும் ஆசிரியர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

மற்றொரு செய்தியை ஒவ்வொரு தாயும் தந்தையும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். ஆறாவது வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கும். பல் விழாமல் முளைப்பதால் அவற்றையும் பால்பல் என்றே பலரும் நினைத்துக் கவனியாது விடுகிறார்கள். அவை நிலைப்பற்கள். அவை போனால் மீண்டும் முளையா. அறுபது எழுபது ஆண்டு உண்டு வாழவேண்டிய பற்களைப் பத்து வயதுக்குள் இழந்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் ஆண்டே அந்தப் பல் முளைக்கும் ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பல் துலக்கும் முறைக்கு வருகிறேன். பழு என்பது ஆலமரத்திற்குரிய பெயர்களுள் ஒன்று. நம் ஊர்ப்பெயர் அதிலிருந்தே வந்தது என்பர். இங்குள்ள கோயிலும் ஆலந்துறை என்றே பெயர் பெற்றது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று பழமொழி கண்ட நம் முன்னோர், கிடைத்த பொருளைக் கொண்டு பல்லைப் பேணினார்கள். அவர்கள் காலத்தில் தெருமுனையில் மிட்டாய்க் கடை இல்லை. இன்று இனிப்பு பெருகிவிட்டது. ஆகவே, காப்பும் வலுவானதாக இருக்க வேண்டும். ஃபுளூரைடு கலந்த பற்பசை எனாமலை உறுதியாக்கி, தொடக்கநிலை அரிப்பை மீளச் செய்கிறது. 2021இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. வாங்கும்போது ஃபுளூரைடு உண்டா என்று உறையில் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத தாய்க்குப் பள்ளி செல்லும் பிள்ளை படித்துக் காட்டட்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுவதும் பிதுக்குவது வீண். சிறு குழந்தை அதனை விழுங்குவதும் தீது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். பலமுறை கொப்பளித்தால் மருந்தும் நீரோடு போய்விடும். ஒரு வாரம் மிட்டாய்க்குச் செலவாகும் காசில் ஒரு சிறிய பிரஷும் ஒரு சிறிய பற்பசைக் குழாயும் வாங்கிவிடலாம்.

காலையில் ஒருமுறை, இரவு உறங்குமுன் ஒருமுறை துலக்க வேண்டும். ஒருவேளைதான் இயலுமென்றால் அது இரவாக இருக்கட்டும். ஏழெட்டு வயது வரை குழந்தை தானாகத் துலக்கினால் அழுக்கு போகாது. அதற்கு ஆர்வம் இருக்கும், கைத்திறன் இராது. பெற்றோரே துலக்கிவிட வேண்டும். குழந்தையை முன்னே நிறுத்தி, தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டு, மென்மையாகச் சிறு வட்டங்களாகத் துலக்குங்கள். இரண்டு நிமிடம் போதும். தந்தையரே! இதனைத் தாயின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். இரவில் வீடு திரும்பியதும் குழந்தையோடு நின்று நீங்களும் துலக்குங்கள். ஆயிரம் அறிவுரையைவிடக் குழந்தை அதையே கற்கும்.

செங்கல் தூள், அடுப்புச் சாம்பல், கரித்தூள் ஆகியவை பல்லை வெளுக்கச் செய்வதுபோல் தோன்றினாலும் எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் 1992இலேயே தடை செய்யப்பட்டன. வலிக்குப் புகையிலையை ஒதுக்கிக்கொள்ளும் பெரியவரைப் பார்த்துப் பழகும் பிள்ளை, பின்னாளில் அதற்கு அடிமையாகும். வாய்ப்புற்றுநோய்க்கு வாயில் திறப்பது அவ்வாறுதான்.

ஃபுளூரைடைப் பற்றிச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்தால், வளரும் பருவத்துப் பற்களில் பழுப்புக் கறை படியும்; ஆண்டுக்கணக்கில் பருகினால் எலும்பும் வளையும். இந்தியாவில் இது முதன்முதலில் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருட்டினகிரி மாவட்ட மக்கள் நெடுங்காலம் இதனால் துன்புற்றார்கள். பல் துலக்காத அழுக்கு என்று பிறர் ஏளனம் செய்த அந்தக் கறை, கிணற்று நீர் செய்த கேடு. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது இக்கொடுமையைப் போக்கவே. குடிநீர் வாழ்வுரிமை என்பதை மகாத் குளம் நமக்குக் கற்பித்தது. அந்நீர் தூயதாக இருக்கவேண்டும் என்பதும் அவ்வுரிமையின் பகுதியே. நம் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கும்படி நம் சங்கம் ஊராட்சிக்கு எழுதலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருந்தால் அந்நீர் குடிக்கத் தகாதது.

அடுத்து, சில தவறான எண்ணங்கள். சொத்தைப் பல்லில் புழு இருக்கிறது என்று கூறிப் புகை பிடிக்க வைத்துப் பணம் பறிப்போர் சிலர் உண்டு. பல்லில் புழு இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே உண்டு. மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்பதும் பொய். அந்த அச்சத்தால் சீழ் பிடித்த பல்லோடு காலம் கழிப்பதே உடலுக்குக் கேடு. வலி நின்றுவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறு. பல்லின் உள்நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். சீழ் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். விளையாட்டில் விழுந்து நிலைப்பல் ஒன்று வேரோடு பெயர்ந்தால் வேரைத் தொடாது, பல்லின் வெண்பகுதியைப் பிடித்தெடுத்து, பாலில் இட்டு, ஒருமணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். பல நேரங்களில் அதனை மீண்டும் பொருத்திவிட முடியும். பால்பல்லை அவ்வாறு பொருத்துவதில்லை.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். பல் நோயும் அச்சோதனையில் அடங்கும். குறை கண்டால் மருத்துவமனைக்குச் செல்லுமாறு சீட்டு எழுதித் தருகிறார்கள். அச்சீட்டு எங்கே போகிறது? பல நேரங்களில் புத்தகப் பையின் அடியில் மடிந்து கிடக்கிறது. அரியலூருக்குச் சென்றுவர ஒருநாள் ஆகும். ஒருநாள் கூலி போகும். பேருந்துச் செலவு உண்டு. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை என்றாலும் அந்த ஒருநாள் கூலியே தடையாக நிற்கிறது.

இங்கேதான் இளைஞர்களாகிய உங்கள் உதவி தேவை. ஒவ்வொரு தெருவிலும் சீட்டுப் பெற்ற குழந்தைகள் யார் யார் என்று கணக்கெடுங்கள். ஐந்தாறு குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்து, பெற்றோரின் இசைவோடு, ஒரு தாயும் சங்க இளைஞர் ஒருவரும் ஒரேநாளில் அழைத்துச் சென்று வரட்டும். ஆறு வீட்டுக் கூலி போவதற்குப் பதில் ஒரு வீட்டுக் கூலி போகும். அதையும் சங்கம் ஈடுசெய்யலாம். மாலைப் பயிலகம் முடிந்து வீடு செல்லுமுன் பிள்ளைகள் வரிசையாக நின்று பல் துலக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். பள்ளியைச் சுற்றி 100 கெசத்திற்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதனை மீறும் கடைக்காரர்க்கு முதலில் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். கேளாவிட்டால் முறைப்படி மனு எழுதுங்கள். மனு எழுதக் கற்றுக்கொடுத்தது இந்தச் சங்கம்தானே!

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பிலும் பல் மருத்துவப் படிப்பிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் தமிழ்நாட்டில் வந்தது. சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சிதம்பரத்தில்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அவர் அன்று மூட்டிய விளக்கின் ஒளியில் நம் தெருவிலிருந்து ஒரு பிள்ளை பல் மருத்துவராகி வரவேண்டும். நம் குழந்தையின் வாயை அருவருப்பின்றித் திறந்து பார்க்கும் கை நம்முடைய கையாகவே இருக்கட்டும்.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அவளுடைய தாய் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கெட்ட பற்களை எடுத்தார்கள். காலம் வந்தபோது புதிய பற்கள் முளைத்தன. நான்காம் வகுப்பில் சுதந்திர நாள் விழாவில் அவள் மேடையேறிப் பேசினாள். இரு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்று, சபையை நேர்முகமாகப் பார்த்துப் பேசினாள். ஒலிபெருக்கியின் முன் நின்ற அப்பிள்ளையை விட்டு என் கண்கள் அகலவில்லை.

ஆலும் வேலும் என்று தொடங்கும் அப்பழமொழி பல்லோடு நின்றுவிடவில்லை. அடுத்த அடியில் சொல்லுக்கும் உறுதி கூறுகிறது. பல் உறுதியானால் சொல்லும் உறுதியாகும். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் உங்கள் குழந்தையை விளக்கின் கீழே நிறுத்தி, "ஆ" என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். இந்த வெள்ளிவிழாவில் நான் உங்களிடம் கேட்கும் காணிக்கை அது ஒன்றே.